ஓடுபாதையும் ‘பாதை’யும்: சீனன்குடா விமானத் தளம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கிழக்கிலங்கையின் கழிமுகங்களையும் ஆற்று வாய்களையும் அண்டி வாழும் மக்கள் ‘பாதை’ என்னுஞ் சொல்லை இருபொருள்பட வழங்குவர். நிலத்திற் செல்லும் வழி ஒரு பொருள். பாலமில்லாத துறைகளிலே மனிதரையும் மூட்டைகளையும் வண்டிகளையும் ஏற்றிக் கரைக்குக் கரை இழுத்துச் செல்லப்படும் மிதவை மற்றைய பொருள். வழி முடிந்துபோகும் இடத்தில் வழியின் பெயரையே தாங்கி நிற்பது அம்மிதவை. இச்சொல் வழக்கிற்குள் ஒரு பிரதேசத்தின் வரலாறு உறைந்து கிடக்கின்றது எனலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையிலே சீனன்குடா அமைந்துள்ளது. சீனக்குடா என்றும் வழங்கும் இவ்விடத்தில் ஏறத்தாழ 2,400 மீற்றர் நீளமான விமான ஓடுபாதை ஒன்று உண்டு. அதற்குச் சில மைல் தெற்கே, தம்பலகாமக் குடாவின் வாயில், கிண்ணியாத் துறை உள்ளது. 2009 ஒக்டோபர் மாதத்திற் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் அத்துறையைப் ‘பாதை’யிலேயே கடந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது உலகின் மிகப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் வந்திறங்கிய ஓடுபாதையும், மனிதர் காத்துநின்று ஏறிய மிதவையும், ஒரே நீர்ப்பரப்பின் ஓரத்திலே அறுபது ஆண்டுகளுக்கு மேல் அயலயலாக நிலைபெற்றிருந்தன. இது எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

சிறிய விமான நிலையங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கருத்து வழமையாக முன்வைக்கப்படுவதுண்டு. எட்டாத் தொலைவிலுள்ள மக்கட் கூட்டத்தை அது வெளியுலகோடு இணைக்கின்றது என்பதே அக்கருத்து. இதனுள் இரு எடுகோள்கள் மறைந்துள்ளன. தொலைவு என்பது இயற்கையாய் அமைந்த ஒன்று என்பது முதலாவது. விமானத் தளம் எங்கு உளதோ அங்குள்ள மக்களுக்காகவே அது உளது என்பது இரண்டாவது. சீனன்குடாவின் வரலாறு இவ்விரு எடுகோள்களையும் மறுதலிக்கின்றது. அங்குத் தொலைவு என்பது சமூக உறவுகளால் உருவாக்கப்பட்டது. ஓடுபாதையோ அயலவரை நோக்கி அமையாது, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள இலக்குகளை நோக்கி அமைந்தது. யாருக்கு அண்மை, யாரிடமிருந்து தொலைவு என்று கேட்டாலன்றி இப்பிரதேசத்தின் போக்குவரத்து வரலாற்றை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

2

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த நிலப்பரப்பு என்றென்றும் ஒதுங்கிக் கிடந்த பிரதேசமன்று. கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று எனும் பழைய பிரிவுகள் கோணேசர் கோயிலை மையமாகக் கொண்ட ஒரு சமூக அமைப்பின் உறுப்புகளாக விளங்கின. குளத்து நீரால் நடைபெற்ற நெற்செய்கையும், கோயிலுக்குரிய கடமைகளும், அவற்றை ஒழுங்குசெய்த நிலவுடைமை உறவுகளும் இப்பற்றுகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்தன. ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் நூல் இவ்வொழுங்கமைப்பின் கருத்துநிலை வடிவமாகும்.

மகாவலி கடலோடு கலக்கும் இக்குடா கடல் வாணிகத்திற்கும் திறந்தே இருந்தது. புயலாற் சேதமுற்ற ஆங்கிலக் கப்பலொன்று பழுதுபார்க்கவும் வாணிகஞ் செய்யவும் கொட்டியாரத்தை நாடி வந்ததும், 1660 இல் அதிலிருந்த றொபேட் நொக்ஸ் முதலியோர் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டதும் பலரும் அறிந்த செய்தி. நொக்ஸின் சிறைவாசத்தைப் பற்றிப் பேசுவோர் அச்செய்தியின் மறுபக்கத்தைக் கவனிப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே அந்நியக் கப்பல்கள் தேடிவந்து நங்கூரமிட்ட துறையாகக் கொட்டியாரம் இருந்தது என்பதும், கண்டியரசின் கை அதுவரை நீண்டிருந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். அதன் பின்னர் ஒல்லாந்தரும், இடையிற் பிரெஞ்சுக்காரரும், 1795 இல் ஆங்கிலேயரும் திருகோணமலையைக் கைப்பற்றினர். இக்கைமாற்றங்களினூடே ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்தது. வயலையும் குளத்தையும் கோயிலையும் துறையையும் ஒருங்கே கொண்டிருந்த பிரதேசத்திலிருந்து துறைமுகம் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதே திருகோணமலையின் ஒரே அடையாளமாயிற்று. அதைச் சூழ்ந்த மக்கள் அத்துறைமுகத்தின் ‘பின்புலம்’ ஆயினர். கொழும்பும் பெருந்தோட்டங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட குடியேற்ற ஆட்சிப் பொருளாதாரத்தில், ஏற்றுமதிப் பயிர் எதனையும் அளிக்காத கொட்டியாரத்திற்கு வீதியும் பாலமும் அமைக்கவேண்டிய தேவை ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. தொலைவு இவ்வாறுதான் தோன்றியது.

3

விமானத் தளத்தின் தோற்றத்தை எண்ணெயோடு இணைத்தே நோக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விடுத்து எண்ணெயை எரிபொருளாகக் கொண்டது. அதன் விளைவாக, பேரரசின் கடல்வழிகள் நெடுகிலும் எண்ணெய்ச் சேமிப்பிடங்கள் தேவைப்பட்டன. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே சீனன்குடாவை அடுத்த காட்டுநிலத்தில் நூறளவிலான பெருந்தாங்கிகள் அமைக்கப்பட்டமை இதனாலேயாகும். தாங்கி ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கொள்ளத்தக்கது. 1920களின் இறுதியிற் புகையிரதப் பாதையும் திருகோணமலையை எட்டிற்று. சீனன்குடாவில் நிலையமும் அமைந்தது. இத்துறைமுகத்தையும் எண்ணெயையும் காக்கும் பொருட்டு அதே காலப்பகுதியில் விமானத் தளமும் உருவாயிற்று. கப்பல், தாங்கி, இருப்புப்பாதை, ஓடுபாதை ஆகிய நான்கும் ஒரே தொகுதியின் உறுப்புகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. கிண்ணியாவும் மூதூரும் அத்தொகுதிக்கு வெளியே நின்றன.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இத்தொகுதியின் முக்கியத்துவம் பன்மடங்காகியது. மலாயாவின் இறப்பரை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. 1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பையும், 9 ஆம் திகதி திருகோணமலையையும் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் தாக்கின. சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் பல வீழ்த்தப்பட்டன. தளத்தின் கட்டடங்கள் சேதமுற்றன. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மீது யப்பானிய விமானமொன்று வீழ்ந்து, தாங்கி பல நாள்கள் எரிந்தது. தாக்குதலை முன்னறிந்து துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர். பிரித்தானியக் கீழைக் கடற்படை கிழக்காபிரிக்காவின் கிலிண்டினித் துறைமுகத்திற்குப் பின்வாங்கியது.

கடற்படை போய்விட்டது; மக்கள் போக இடமின்றி நின்றனர். பேரரசின் பாதுகாப்பு என்பது துறைமுகத்தின் பாதுகாப்பேயன்றித் துறைமுகத்து மக்களின் பாதுகாப்பன்று என்பதை அந்த ஏப்பிரல் மாதம் தெளிவுபடுத்தியது. ஒரு பிரதேசத்தில் ஓடுபாதை அமைவது அப்பிரதேசத்தை இலக்காகவும் ஆக்குகின்றது என்ற உண்மையைத் திருகோணமலை மக்கள் அன்றே கற்றுக்கொண்டனர்.

4

1944 இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் நமது விவாதத்திற்கு மிக முக்கியமானது. நெதர்லாந்துக்குரிய கிழக்கிந்தியத் தீவுகளை யப்பான் கைப்பற்றியிருந்தது. சுமாத்திராவின் பலெம்பாங்கிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் யப்பானியப் போர்ப்பொறிக்கு எரிபொருள் அளித்து வந்தது. அதைத் தாக்குவதற்கு அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்களை ஏவத் தீர்மானிக்கப்பட்டது. அவற்றின் தளங்கள் வங்காளத்தின் கரக்பூர்ப் பகுதியில் இருந்தன. இடையில் தங்கி எரிபொருள் நிரப்பிச் செல்லும் தளமாகச் சீனன்குடா தெரிவுசெய்யப்பட்டு, அதன் ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது. 1944 ஆகஸ்ட் 10 ஆம் திகதி 54 விமானங்கள் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. 39 விமானங்களே இலக்குப் பகுதியை அடைந்தன. போய்வருந் தூரம் 3,800 மைலுக்கு மேல். சுத்திகரிப்பு நிலையத்திற்கு ஏற்பட்ட சேதமோ சிறிது. அதன் பின்னர் இப்பெரு விமானங்கள் தாக்குதலுக்காகச் சீனன்குடாவிலிருந்து எழவேயில்லை.

ஒரே ஓர் இரவின் தேவைக்காகப் பல நூறு அடி நிலம் வெட்டிச் சமப்படுத்தப்பட்டது. இதனைப் போர்க்கால அவசியம் என்று கூறி அமையலாம். ஆயினும், அவசியம் என்பதை வரையறுப்பவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. பலெம்பாங்கின் எண்ணெயை யப்பானிடமிருந்து பறிப்பது அவசியம் எனக் கருதப்பட்டது. ஓடுபாதை சில மாதங்களில் நீண்டது. கிண்ணியாத் துறையில் ஒரு பாலம் அமைவதும் அங்குள்ள நெல் விவசாயிக்கும் மீனவனுக்கும் கர்ப்பிணிக்கும் அவசியமானதே. அந்த அவசியம் நிறைவேற மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர் மாத்திரமே. பொறியியல் அறிவோ நிலத்தின் தன்மையோ இங்குத் தடையாயிருக்கவில்லை. எந்த வர்க்கத்தின் தேவை எந்த அதிகாரத்தின் செவியில் விழுகின்றது என்பதே காரியத்தைத் தீர்மானித்தது.

இலக்கிய மாணவன் என்ற முறையில் இங்கு ஒன்றைச் சுட்டவேண்டும். கொட்டியாரக் குடாவின் மக்களைத் தமிழ்ப் புனைகதையில் நிலைநிறுத்தியவர்களுள் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் தலையாயவர். அவரது புகழ்பெற்ற சிறுகதையின் பெயர் ‘தோணி’. கடலோரத்துச் சிறுவனொருவனின் ஆசை சொந்தத் தோணியைச் சுற்றியே சுழல்கின்றது. குடாவின் மறுகரையிலே உலகின் நவீன பொறிகள் வந்திறங்கிப் பறந்த ஒரு காலத்திற்குப் பின் எழுதப்பட்ட கதை அது. அக்காலத்தின் தலைமுறைக்குப் போக்குவரத்தினதும் உழைப்பினதும் கருவி தோணியாகவே இருந்தது. இதனை எழுத்தாளரின் பழமை நாட்டம் எனக் கொள்வது தவறு. உற்பத்திக் கருவியின் உடைமை பற்றிய பிரச்சினையை, அது உண்மையில் இருந்த இடத்திலேயே அவர் கண்டார். வானத்தில் விமானம் பறந்தது. உழைப்பவனின் கைக்குத் தோணியே எட்டாமலிருந்தது.

5

1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா, சீனன்குடா விமானத் தளங்களும் பிரித்தானியரின் கையிலேயே இருந்தன. 1947 நவம்பரிற் கைச்சாத்திடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கை அதற்கு இடமளித்தது. இதனை முழுமையற்ற சுதந்திரம் என இடதுசாரிக் கட்சிகள் கண்டித்தன. 1956 இற் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம் தளங்களை மீட்கும் பேச்சுவார்த்தையைத் தொடங்கிற்று. அவ்வாண்டின் சூயஸ் நெருக்கடி அக்கோரிக்கைக்கு மேலும் வலுவூட்டியது. 1957 இல் தளங்கள் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. ஆசிய ஆபிரிக்க நாடுகளின் ஏகாதிபத்திய எதிர்ப்பு வரலாற்றில் இது ஒரு முற்போக்கான நிகழ்வு என்பதில் ஐயமில்லை. எனினும், கடற்படைத் தளத்தின் கூலியை நம்பிவாழ்ந்த தொழிலாளரின் வேலையிழப்பு அதன் உடன்விளைவாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

அதே 1957 ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியை இதனோடு இணைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வாண்டு யூலை 26 ஆம் திகதி பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பிரதேச சபைகளுக்கு வழங்கப்படவிருந்த அதிகாரங்களுள் காணி, குடியேற்றம், விவசாயம், கடற்றொழில், சுகாதாரம், கல்வி என்பவற்றோடு வீதிகளும் அடங்கியிருந்தன. 1958 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. ஓடுபாதை பிரித்தானியரிடமிருந்து கொழும்பின் கைக்கு வந்தது. வீதியும் துறையும் கொழும்பின் கையிலிருந்து அப்பிரதேசத்து மக்களின் கைக்கு வரவில்லை. ஏகாதிபத்தியத்திடமிருந்து தளத்தை மீட்ட தேசிய முதலாளித்துவம், அத்தளத்தைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் மொழியையும் காணியையும் பற்றிய சனநாயக உரிமையை மறுத்தது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாது, தளங்கள் மீட்கப்பட்டதைக் கொண்டாடுவதோ அன்றி அதனை இனவாத நோக்கிலே நிராகரிப்பதோ வரலாற்றாய்வாகாது.

உடைமை மாறியது, பயன் மாறவில்லை. சீனன்குடா இலங்கை விமானப்படையின் தளமாயிற்று. பிற்காலத்தில் விமானப்படைக் கல்விக்கழகமும் அங்கே அமைந்தது. 1971 ஏப்பிரற் கிளர்ச்சியின்போது களஞ்சியப்படுத்தப்பட்டிருந்த ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் மீளத் தயார்செய்யப்பட்டு இங்கிருந்து பறந்தன. அன்று அவற்றின் இலக்காயிருந்தோர் பெரும்பாலும் தென்னிலங்கையின் கிராமப்புறச் சிங்கள இளைஞர்கள். ஓடுபாதையின் அரசியலை இனப்பிரச்சினை ஒன்றாக மட்டும் காண்பது போதாது என்பதற்கு இது சான்றாகும். ஆளும் வர்க்கத்தின் படைக்கருவி எத்திசையிலும் திரும்பக்கூடியது.

சிவில் விமானப் போக்குவரத்தின் நிலை என்ன? 1947 டிசெம்பரில் ஏயர் சிலோன் தனது முதற் பறப்பை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. உத்தியோகத்தரும் வணிகரும் உயர்தொழில் புரிவோரும் செறிந்த யாழ்ப்பாணத்திற்கான வழியே அதன் உள்நாட்டுச் சேவையில் முதன்மை பெற்றது. கட்டணம் செலுத்தக்கூடிய வர்க்கம் எங்குண்டோ அங்கே விமானம் செல்லும் என்பது முதலாளித்துவப் போக்குவரத்தின் எளிய விதி. 1972 இல் விமானப்படை ‘ஹெலிருவர்ஸ்’ என்னும் பெயரிற் பயணிகளுக்கும் உல்லாசப் பிரயாணிகளுக்குமான சேவையைத் தொடங்கிற்று. போர் மூண்டதும் அது தடைப்பட்டது. 2009 இற்குப் பின்னரே மீண்டும் உயிர்பெற்றது. 2013 இல் இயங்கத் தொடங்கிய சினமன் எயார் என்ற தனியார் நிறுவனம் தன் சிறு விமானங்களைச் சீனன்குடாவுக்கும் பறக்கவிட்டது. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளை நாடும் உல்லாசப் பிரயாணிகளே அச்சேவையின் வாடிக்கையாளர். படைத்தளமொன்றின் ஓடுபாதையிலே குடியிருப்பாளனாக, அதன் அனுமதியோடு, வந்துபோகும் ஒன்றாகவே சிவில் விமானப் போக்குவரத்து அங்கு நிலவி வந்துள்ளது.

6

போர்க்காலத்தில் இம்முரண்பாடு கூர்மையடைந்தது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில், துறைமுகத்திற்கு நேரெதிரே, சம்பூர் உள்ளது. 2006 ஏப்பிரலில் அப்பகுதிமீது விமானக் குண்டுவீச்சு நடைபெற்றதும் மக்கள் இடம்பெயரத் தொடங்கினர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் நிகழ்ந்த சண்டையினால் முஸ்லிம்களும் தமிழரும் பல்லாயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர். வாகனத்தில் ஏறவும் பாலத்தாற் கடக்கவும் வழியில்லாத மக்கள் கால்நடையாகவே சென்றனர். 2007 மே மாதம் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. பின்னர் அந்நிலத்தின் ஒரு பகுதி இந்தியாவின் பங்களிப்போடு அமையவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்திற்கென ஒதுக்கப்பட்டது. பல ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்த மக்கள் தொடர்ந்து போராடினர். 2015 இல் நிலங்கள் விடுவிக்கப்படலாயின. 2016 இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. மக்களின் அமைப்புரீதியான எதிர்ப்பு, அரசாங்க மாற்றம், சுற்றுச்சூழல் இயக்கங்களின் வழக்கு ஆகியன ஒன்றுசேர்ந்ததன் விளைவு இது.

எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1987 யூலை 29 இன் இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2003 இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனி உள்ளே வந்தது. 2022 சனவரியிற் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி எஞ்சிய 99 தாங்கிகளுள் 14 அக்கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இருவரும் 49க்கு 51 என்ற வீதத்தில் அமைத்த கூட்டு நிறுவனத்திற்கும் உரியவாயின. 2025 ஏப்பிரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகியன திருகோணமலையைச் சக்தி மையமாக வளர்க்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. பேரரசு போய் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தபோதும், திருகோணமலை பற்றிய பேச்சு இன்னமும் துறைமுகம், தாங்கி, மின்சக்தி என்ற சொற்களிலேயே நிகழ்கின்றது.

மறுகரையின் நிலை யாது? திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிய கரையோர வீதியிற் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் முதலிய துறைகளில் ‘பாதை’யே வீதியின் தொடர்ச்சியாக இருந்தது. 2009 இலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலுமே பாலங்கள் எழுந்தன. இவற்றாற் கிடைத்த நன்மை பெரிது. ஆயினும் ‘பாதை’யின் காலம் முற்றாக முடிந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாகக் கட்டப்படும் காலத்தில் மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்படப் பலர் நீரில் மூழ்கி இறந்தனர்.

1944 இல் ஓடுபாதை நீட்டப்பட்ட வேகத்தையும், எழுபத்தேழு ஆண்டுகளின் பின்னும் ஒரு சிறிய நீர்நிலையைப் பாடசாலைப் பிள்ளைகள் கடப்பதற்குப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லாதிருந்ததையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, தொலைவு என்பதன் உண்மைப் பொருள் விளங்கும். கல்வித் திணைக்களத்தின் நிருவாக மொழியிற் ‘கஷ்டப் பிரதேசம்’ என்றொரு வகை உண்டு. கஷ்டம் பிரதேசத்தின் இயல்பாகவே உள்ளது போல அச்சொல் ஒலிக்கின்றது. அக்கஷ்டத்தை ஆக்கியோர் யார் என்பதை அச்சொல் மறைத்துவிடுகின்றது.

7

அப்படியாயின் சீனன்குடாவில் மக்களுக்குரிய விமான நிலையம் வேண்டாமா? இக்கட்டுரையின் முடிபு அதுவன்று. பொறியைப் பகைப்பது மார்க்சியமாகாது. பொறி யாருடைய கையில், எத்தேவைக்கு என்பதே கேள்வி.

இலங்கையிலேயே இரு ஒப்பீடுகள் உள்ளன. மட்டக்களப்பு விமானத் தளம் 2018 மார்ச்சிற் சிவில் உள்நாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாயிற்று. சென்னைக்கான சேவை 2020 இற் பெருந்தொற்றினால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. புலம்பெயர்ந்தோரின் உறவுப் பயணங்களுக்கு அது பயன்படுகின்றது. ஆயினும், பலாலியைச் சூழ்ந்த காணிகளிலிருந்து 1990 முதல் வெளியேற்றப்பட்ட மக்களின் பிரச்சினை பெயர்ப்பலகை மாறியதனால் தீர்ந்துவிடவில்லை. ‘சிவில்’ என்ற அடைமொழி தானாகவே ஒரு நிலையத்தை மக்களுடையதாக்காது என்பதற்கு இது போதிய சான்று.

வெளியுலகில் ஓர் உதாரணத்தை நோக்கலாம். ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகளுள் ஒன்றான பாறாவில் விமானங்கள் கடற்கரை மணலிலேயே இறங்குகின்றன. வற்றுப்பெருக்கை அநுசரித்தே பறப்பு நேரம் குறிக்கப்படுகின்றது. அந்நிலையத்தை நடத்துவது ஸ்கொத்லாந்து அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனம். கிளாஸ்கோவுக்கான சேவை பொதுச்சேவைக் கடப்பாடாக மானியத்தோடு நடைபெறுகின்றது. நோயாளியும் மாணவரும் தபாலும் போய்வருவது இலாபக் கணக்கைப் பொறுத்ததாக இருத்தலாகாது என்ற கோட்பாட்டை, முதலாளித்துவ அரசொன்றே தன் எல்லைக்குள் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அங்கும் அது தானாகக் கிடைத்ததன்று. நிலத்தையும் தீவையும் விட்டுப் போக மறுத்த மக்களின் நீண்ட அரசியற் கோரிக்கைகளின் பின்னணி அதற்குண்டு. பாறாவின் ஓடுபாதை வெறும் மணல். ஆயினும் அது பொதுமக்களின் நிலையம். சீனன்குடாவின் ஓடுபாதை 2,400 மீற்றர். அதன் வாயிலிற் காவலன் நிற்கின்றான்.

ஆகவே, திருகோணமலையில் மக்களுக்குரிய விமான நிலையம் பற்றிப் பேசுவோர் சில அடிப்படைக் கோரிக்கைகளிலிருந்து தொடங்கவேண்டும். அது சிவில் நிருவாகத்தின் கீழ் அமையவேண்டும். அந்நிருவாகத்தில் மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களின் பிரதிநிதிகளுக்குக் குரல் இருக்கவேண்டும். அவசர நோயாளரை ஏற்றிச்செல்வது உல்லாசப் பிரயாணிகளை இறக்குவதற்கு முன்னுரிமை பெறவேண்டும். விரிவாக்கத்தின் பெயரால் ஒரு குடும்பத்தின் நிலமும் அபகரிக்கப்படலாகாது. யாவற்றுக்கும் மேலாக, கிண்ணியாவிலும் மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்து அந்நிலையத்தின் வாயிலை அடைய வீதியும் பாலமும் பேருந்தும் இருக்கவேண்டும். மறுகரையிலிருப்போர் வந்தடைய முடியாத நிலையம் அவர்களுக்கு நிலையமாகாது.

ஒரு விமானத் தளத்தின் வரலாற்றை அதில் இறங்கிய விமானங்களின் பட்டியலாக எழுதும் மரபு நம்மிடையே உண்டு. அம்மரபில் அட்மிரல்களும் படையணிகளும் வருவர். மண்ணை வெட்டிச் சமன்செய்த கூலியாளும், மேலே பறப்பதை அண்ணாந்து பார்த்தபடி துறையிற் காத்துநின்ற பெண்ணும் வருவதில்லை. சீனன்குடாவின் முழு வரலாற்றை எழுதப்புகுவோர் ஓடுபாதையின் நீளத்தோடு, அதன் அயலிலே ‘பாதை’க்காகக் காத்துநின்ற மக்களின் காலத்தையும் அளந்தாக வேண்டும். அவ்விரு அளவைகளையும் ஒருசேர வைத்து நோக்கும் வரலாறே குறிஞ்சாக்கேணியில் அன்று காலை புறப்பட்ட பிள்ளைகளுக்கு மறுமொழி சொல்லக்கூடிய வரலாறாகும்.